மாரடைப்பு ஆண்களுக்கு மட்டும் வருகிற நோயா?

மாரடைப்பு என்றாலே ஆண்களுக்கு வருவது என்று ஏன் நினைக்கிறார்கள், பெண்களுக்கும் நம்மைப் போன்ற இந்தியர்களுக்கும் ஆபத்து வேறு மாதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறேன், எங்கள் பக்கத்துக் கோயில் ஹாலில் அவ்வப்போது நடக்கும் பிரஷர், சுகர் முகாமில் தன்னார்வலராக உட்காருவேன், அந்த ஆர்வத்தில் படித்ததையும் அங்கே பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். அமெரிக்கக் கணக்குதான் அதிகம் வரும். இந்தக் கேள்வியை மக்களிடமே பல வருடமாகக் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

அமெரிக்க இதய சங்கம் 1997-இல் பெண்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. பெண்களின் உயிரை அதிகம் பறிக்கும் நோய் எது என்பது கேள்வி. பதில் இதய நோய்தான், ஆனால் 30 சதவீதம் பேர்தான் அதைச் சொன்னார்கள். அதன்பின் பெரிய அளவில் பிரசாரம் நடந்தது: 2002-இல் அரசு சார்பில் சிவப்பு உடையைச் சின்னமாக வைத்து ஒன்று, 2004-இல் இதய சங்கமே தொடங்கிய ‘கோ ரெட் ஃபார் விமன்’. பலனும் கிடைத்தது, 2009-இல் 65 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். சரி, இனி கவலையில்லை என்று பார்த்தால் 2019-இல் அதே கேள்விக்கு 44 சதவீதம்! பத்து வருடத்தில் இவ்வளவு சரிவு. அதிகம் சரிந்தது யாரிடம் தெரியுமா? கறுப்பினப் பெண்கள், ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்கள், அப்புறம் 25 முதல் 34 வயதுப் பெண்கள். மார்பகப் புற்றுநோய்தான் முதல் எதிரி என்று நினைப்பவர்கள் இளவயதினரில் நிறைய.

இன வேறுபாடு புதிதும் இல்லை. 2012 கணக்கெடுப்பில் கறுப்பினப் பெண்களில் 36, ஹிஸ்பானிக் பெண்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் சரியான பதில் தெரிந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் 1997-லேயே கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருந்தார்கள். கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ள நாடு அது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம் தகவல் கடைசியாகப் போய் முதலில் மறைகிறது. பிரசாரப் படங்களில் யார் முகம் இருந்தது, எந்த மொழியில் இருந்தது, எந்தக் கிளினிக்கில் ஒட்டினார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி ‘ஆண் நோய்’ என்ற பிம்பம். இதில் மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை, மருத்துவ ஆராய்ச்சியே அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை வைத்து 1948-இல் தொடங்கிய இதய ஆய்வில் ஆரம்பத்திலிருந்தே பெண்கள் இருந்தார்கள், ஆனால் அந்த 5,209 பேரும் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள். பிறகு நடந்த பெரிய சோதனைகளில் பெண்களையே காணோம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் முதல் மாரடைப்பைத் தடுக்கலாமா என்று பார்த்த சோதனையில் இருந்த 22,071 பேரும் ஆண் மருத்துவர்கள். 1989-இல் முடிவு வந்தது, மாரடைப்பு நன்றாகக் குறைகிறது என்று. அதையே பெண்களுக்கும் பொருத்திக்கொண்டார்கள். ஏறக்குறைய 40,000 பெண்களை வைத்துத் தனியாகச் செய்த சோதனையின் முடிவு 2005-இல் வந்தபோது, பெண்களுக்கு ஆஸ்பிரினால் பக்கவாதம் குறைந்தது, மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை. பதினாறு வருடம் கழித்துத்தான் இது தெரிந்தது. நடுவில் 1993-இல், அரசுப் பணத்தில் நடக்கும் சோதனைகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட வேண்டியிருந்தது.

அறிகுறி பற்றி ஒன்று. பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காது, வேறு மாதிரிதான் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது எனக்குப் பிடிக்காத அரைகுறைச் செய்தி. 55 வயதுக்கு உட்பட்ட மாரடைப்பு நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த விர்கோ என்ற ஆய்வில் பெண்களில் 87 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 89.5 சதவீதம் பேருக்கும் நெஞ்சில் வலியோ அழுத்தமோ ஏதோ ஒன்று இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், பெண்களுக்குக் கூடவே தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குவது, குமட்டல், அசதி என்று நாலைந்து சேர்ந்து வருகிறது, எதைச் சொல்வது எதை விடுவது என்று குழம்பிப் போகிறது. அதே ஆய்வில் இன்னொரு விவரம்: மாரடைப்புக்கு முன்பே இந்தத் தொந்தரவுகளுக்காக மருத்துவரிடம் போன பெண்களில் பாதிக்கு மேல், ‘இது இதயப் பிரச்சினை என்று அவர் நினைக்கவில்லை’ என்றார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதம். அதனால் போஸ்டர் ஒட்ட வேண்டியது வீடுகளில் மட்டும் இல்லை, மருத்துவர்களின் அறைகளிலும்தான்.

நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், சீன வம்சாவளியினர் என்று நாலு பிரிவினரை வைத்து 2000-இல் மெசா என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. அதில் இந்தியரும் இல்லை, இலங்கையரும் இல்லை. புள்ளிவிவரங்களிலோ ‘ஆசியர்’ என்று ஒரே பெட்டியில் சீனர், ஜப்பானியர், நாம் எல்லோரும் கிடந்தோம், மற்றவர்களின் நல்ல எண்களில் நம் கெட்ட எண்கள் கரைந்துபோயின. 2010-இல்தான் சான்ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதித் தெற்காசியர்களை வைத்து மசாலா என்ற ஆய்வு தொடங்கியது (ஆமாம், அதுதான் பெயர்). எடை அதிகம் இல்லாதபோதும் நமக்கு நீரிழிவு வருகிறது, கொழுப்பு ஈரலில் அதிகம் சேர்கிறது என்பதையெல்லாம் அது ஆவணப்படுத்தியது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. 2018-இல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில், தெற்காசிய வம்சாவளி என்பதே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பல மருத்துவர்கள் தாங்களாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எங்கள் முகாமில் பார்ப்பது வேறு ஒன்று. ‘நமக்கெல்லாம் ஹார்ட் வீக்’ என்று தெரியாத தமிழ்க் குடும்பமே இல்லை, அப்பாவுக்கு ஸ்டென்ட், பெரியப்பாவுக்கு பைபாஸ் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் கதைகளில் வருவது எல்லாம் ஆண்கள். மனைவி கணவனைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார், ‘அக்கா, இவருக்கு நல்லா பாருங்க, இவங்க வீட்ல எல்லாருக்கும் இருக்கு’ என்பார். நீங்களும் உட்காருங்க என்றால், ‘எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அவருக்குப் பாத்தா போதும்’. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் வரும், இரண்டாவது பிரசவத்தில் சுகர் இருந்தது, முதல் குழந்தைக்கு பிரஷர் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள், குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று.

சரியாகவில்லை என்பதுதான் விஷயம். கர்ப்பகால நீரிழிவு, கர்ப்பகால ரத்த அழுத்தம், குறிப்பாக ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நிலை) வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் அப்படியே. முன்னே சொன்ன 2018 வழிகாட்டுதலில் ப்ரீஎக்லாம்ப்சியாவும் இந்த முன்கூட்டிய நிற்றலும் தெற்காசிய வம்சாவளி இருக்கும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தத் தகவல் மகப்பேறு மருத்துவரின் ஃபைலில், அதுவும் பலருக்கு ஊரில் ஏதோ ஒரு நர்சிங் ஹோம் ஃபைலில் கிடக்கிறது. இங்கே வருடா வருடம் பார்க்கிற குடும்ப மருத்துவருக்கு அது தெரியாது, அவரும் கேட்பதில்லை, அந்தப் பெண்ணும் இருபது வருடத்துக்கு முந்தைய கதையை எதற்கு என்று விட்டுவிடுகிறார். என்னைக் கேட்டால் நம் பெண்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை இதுதான். இந்தியர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தவருக்கு, பெண்களுக்கும் ஆபத்து என்று தெரிந்தவருக்கு, இரண்டும் சேர்ந்து தன் மேலேயே நிற்கிறது என்பது மட்டும் உறைப்பதில்லை.

அதனால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பிரசவ காலத்தில் என்ன நடந்தது என்பதை நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் தெற்காசியர் கணக்கில் அதிகம், எடை இயந்திரம் நல்ல எண் காட்டினாலும். திடீரென்று நெஞ்சு அழுத்தமோ, மூச்சு வாங்கலோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம், தானே காரை ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம், இங்கே 911, தமிழ்நாட்டில் 108. ஆஸ்பத்திரிக்குப் போனதும் ‘கொஞ்சம் கேஸ் மாதிரி இருக்கு’ என்று நீங்களே முடிவு சொல்லாதீர்கள். இதயமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, ஈசிஜி எடுங்கள், ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள் என்று கேளுங்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று அனுப்பப் பார்த்தால், தொந்தரவு போகவில்லை, சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம், அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.