புல்லுருவியும் கிராம சபையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பனைக் கூடுதலாகக் காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்பதாக இந்தியா வாக்களித்திருக்கிறது. இந்நிலையில், தாங்கள் வலியுறுத்தும் வன உரிமைச் சட்டம் காட்டைப் பங்குபோடுவதாக ஆகிவிடாதா?

ம., ஈரோடு

அன்புள்ள ம. அவர்களுக்கு,

காடு சுருங்கிவிடுமோ என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆயினும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் காட்டைத் திருத்த எவருக்கும் உரிமை தரவில்லை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அனுபவித்துவரும் நிலத்தை, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, அது அங்கீகரிக்கிறது. கூடவே காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. என் அக்கறையெல்லாம் இந்த இரண்டாவது பகுதியில்தான்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிலிகிரி ரங்கசாமி மலையைப் பாருங்கள். அங்குள்ள சோளகர் பழங்குடியினர் நெல்லிக்காய் பறிக்க மரமேறும்போது, கிளையைப் பற்றி உறிஞ்சும் புல்லுருவியையும் வெட்டி எறிவார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். சரணாலயம் வந்தபின் தீ தடுக்கப்பட்டது, பிறகு விற்பனைக்குக் காய் பறிப்பதும் நிறுத்தப்பட்டது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. உண்ணிச்செடி ஆள் நுழைய முடியாதபடி மண்டியது. தீ நின்றதுதான் உண்ணிச்செடிக்கு வழிவிட்டது என்று சோளகர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். 2011இல் அம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்கே சமூக வன உரிமையும், அதாவது காட்டை ஊரார் கூட்டாகப் பயன்படுத்திக் காக்கும் உரிமையும், அங்கீகரிக்கப்பட்டது. ஒரே காட்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

கார்பன் கணக்கைத்தான் நான் அஞ்சுகிறேன். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதப் பரப்பை மரங்களின் மேல்விதானம் மூடியிருந்தாலே இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்த்துக்கொள்கிறது. தோட்டப் பயிரும் தைலமரமும் அதில் அடக்கம். பழைய சோலையொன்றைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மேய்ச்சல் நிலத்தில் தைலமரம் நட்டால் ஏட்டில் குறைவே தெரியாது, ஆனால் இரண்டு இடத்து மக்களும் இழந்திருப்பார்கள்.

காட்டு நிலத்தைப் பிற பணிக்கு மாற்றுமுன் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்று 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சுற்றறிக்கை வந்தது. 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, மத்திய அரசு அனுமதி தந்த பிறகு மாநில அரசு உரிமைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரிசையைப் புரட்டிவிட்டன. முடிவான பிறகு கேட்கப்படும் ஒப்புதலுக்கு என்ன பொருள்? அந்த வரிசையைப் பழையபடி திருப்பவேண்டும் என்பதே என் கோரிக்கை.