கடந்தை கொட்டினால் மறுபடியும் ஆபத்தா?

கேள்வி: தேங்காய் வெட்ட ஏறிய என் வீட்டுக்காரரைக் கடந்தை (பெரிய குளவி) கொட்டியது. பத்தே நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, மயக்கம். ஊசி போட்டுத் தேறிவிட்டார். இனியும் கொட்டினால்?
— வாசகி, கடையம்

பதில்: கவனமாகத்தான் இருக்கணும் அம்மா. கொட்டின கை மட்டும் வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் கொட்டாத இடமெல்லாம் தடித்து, மூச்சும் முட்டி, ஆளே சாய்ந்தால் அது விஷ ஒவ்வாமை, அடுத்த தடவையும் வரலாம். அப்போது சுண்ணாம்பு தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கம் போடும் அட்ரினலின் ஊசிதான், அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் உட்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். கடந்தை அப்படி விட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

சரி, பரிசோதனை? கொட்டி நாலு முதல் ஆறு வாரம் கழித்து தோல் சோதனையோ, ஐஜிஇ (ஒவ்வாமையில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். உடனே செய்தால் ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று காட்டலாம். உறுதியானால் அந்த விஷத்தையே துளித்துளியாகக் கூட்டி 3 முதல் 5 வருஷம் ஊசி போடும் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒவ்வாமை மருத்துவரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அதுவரை தனியாக மரம் ஏற வேண்டாம், கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.