இசைக் கேள்வி–பதில்: ஜெனரேட்டர் நின்ற பிறகு கேட்ட தொகுப்பு

சென்ற இதழில் லண்டனைச் சேர்ந்த டாக் டாக் குழுவைப் பற்றி எழுதும்போது, அவர்களுடைய கடைசி இரண்டு தொகுப்புகளான 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 'லாஃபிங் ஸ்டாக்' இரண்டையும் இளவயதில் தவறாக எடைபோட்டுவிட்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை; வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் அவற்றுக்கே.

ஐயா, எண்பதுகளில் 'இட்ஸ் மை லைஃப்' பாடலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' தொகுப்பை அண்மையில் காரில் கேட்டேன். பாதி நேரம் எதுவுமே காதில் விழவில்லை. மீதி நேரம் கொட்டாவி வந்தது. இதையா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?
— வாசகர், கோலகங்சார்

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. 1989-இல் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்று வெள்ளிக்கு அந்த ஒலிநாடாவை வாங்கி, மறுவாரமே "இதில் பாட்டே பதியவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றவன் நான். அவரும் பெருந்தன்மையோடு தம்முடைய பெரிய ஒலிப்பெட்டியில் போட்டுக் காட்டினார். பக்கத்தில் அப்பம் பாலிக் சுடும் கடையின் இரைச்சலில் அங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. அது வெற்று நாடாதான் என்று இருவரும் ஒருமனதாக முடிவுக்கு வந்தோம். ஆனாலும் அவர் மாற்றித் தரவில்லை.

அப்போது எங்கள் குடும்பம் பட்டணத்திலிருந்து சில கல் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தது. மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை முடுக்குவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். அந்த நான்கு மணி நேரமும் பலகைச் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அதை இரைச்சல் என்று உணராத அளவுக்கு நாங்கள் அதற்குப் பழகியிருந்தோம். அந்தத் தொகுப்பின் முதல் பாடலான 'தி ரெயின்போ', தந்திக் கருவிகளின் மெல்லிய இழுப்போடும் எங்கோ தொலைவில் ஊதப்படுவது போன்ற டிரம்பெட்டோடும் தொடங்கி, இரண்டு நிமிடங்களுக்கு மேல் அப்படியே நிற்கிறது. ஜெனரேட்டரின் உறுமலுக்கு அடியில் அது முழுவதும் புதைந்துபோனது என்பதில் வியப்பில்லை.

ஒருநாள் பத்து மணிக்குப் பிறகு, பேட்டரியில் ஓடும் பெட்டியில், இருட்டில் கைக்கு அகப்பட்ட நாடாவைப் போட்டேன். போட்டது இதுதான் என்று தெரியாது. ஜெனரேட்டர் நின்றவுடன் தோட்டத்தில் ஒரு கணம் காது அடைத்தாற்போல் இருக்கும், பிறகு தவளையும் சில்வண்டும் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். அந்த இடைவெளியில் டிரம்பெட் கேட்டது. பிறகு ஒரு கிதார், ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டதைப் போல. அப்புறம் மார்க் ஃபெல்தம் வாசிக்கும் மவுத் ஆர்கன், தொண்டை கட்டிய மனிதர் உரக்கப் பேச முயல்வதைப் போன்ற கரகரப்போடு. குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸின் குரல் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. சொற்களை அவர் பாதி விழுங்கிவிடுகிறார். வெற்று நாடா என்று நான் சாதித்த பொருளை எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.

எனவே மெதுவாக இருப்பதற்காக எவரும் அந்தத் தொகுப்பைப் போற்றவில்லை. மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் நடுவே அவர்கள் வைத்திருக்கும் தூரம்தான் அதன் பொருள். மூன்றாவது பாடலான 'டிசையர்' பேச்சுக்குரலின் அளவில் நகர்ந்துகொண்டிருந்து, டிரம்ஸும் கிதாரும் ஒன்றாகப் பாயும் இடத்தில் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. முதல் மூன்று பாடல்களும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக 23 நிமிடங்கள் போவதால், அந்தப் பாய்ச்சலுக்கு முன்னால் இருபது நிமிடப் பொறுமையை அவர்கள் நம்மிடமிருந்து கேட்டு வாங்குகிறார்கள். ஓடும் காரில், குளிர்சாதனமும் சக்கரமும் சேர்ந்து இரையும்போது, அந்தத் தூரம் சுருங்கிப்போகிறது. தாழ்ந்த பகுதி காணாமல் போய், உயர்ந்த பகுதி மட்டும் காரணமில்லாத சத்தமாக மிஞ்சுகிறது. வீட்டில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதன்பிறகும் கொட்டாவி வந்தால் உங்கள் ரசனை வேறு, அதில் தவறொன்றுமில்லை.

ஒரு பாட்டை மாதக் கணக்கில் ஸ்டூடியோவில் வைத்துச் செதுக்கினால் அதன் உயிர் போய்விடாதா? எண்பதுகளின் இறுதியில் வந்த பல தொகுப்புகள் பளபளவென்று இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தன என்பது என் கருத்து.
— வாசகி, கிள்ளான்

உங்கள் கருத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடே. ஆனால் 'செதுக்குதல்' என்ற சொல்லை நாம் இரண்டு எதிரெதிர் வேலைகளுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். ஒன்று, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்த்துக்கொண்டே போவது. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழு 1989-இல் வெளியிட்ட 'தி சீட்ஸ் ஆஃப் லவ்' அதற்கு நல்ல சான்று. பத்து லட்சம் பவுனுக்கு மேல் அதற்குச் செலவானதாகப் பேசப்பட்டது. கேட்கும்போதே அந்தப் பணம் காதில் விழும். அதை நான் வெறுக்கவில்லை. ஓலிட்டா ஆடம்ஸ் சேர்ந்து பாடும் 'வுமன் இன் செயின்ஸ்' பாடலுக்காக அந்தச் செலவை மன்னித்தும் விடுவேன். ஆயினும் பல இடங்களில் அது திருமண மண்டபத்து அலங்காரத்தைப் போல, மாப்பிள்ளை பெண் எங்கே என்று தேட வைக்கிறது.

மற்றொன்று, எடுத்துக்கொண்டே போவது. டாக் டாக் செய்தது இதைத்தான். வடக்கு லண்டனில், முன்பு தேவாலயத்தைச் சேர்ந்ததாக இருந்த கட்டடத்தில் இயங்கிய வெசெக்ஸ் ஸ்டூடியோவில், 1987–88-இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' பதிவானது. சன்னல்களை மறைத்து, கடிகாரங்களை அப்புறப்படுத்தி, எண்ணெய்ப் படவீழ்த்தியின் நிற ஒளியும் விட்டுவிட்டு மின்னும் விளக்கும் தவிர வேறு வெளிச்சமே இல்லாமல் வேலை நடந்ததை ஒலிப்பொறியாளர் பில் பிரவுன் பதிவுசெய்திருக்கிறார். இரட்டை பாஸ் வாசிக்கும் டேனி தாம்ப்சன், வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டிரம்பெட் வாசிக்கும் ஹென்றி லோதர் போன்ற பெருங்கலைஞர்களை வரவழைத்து, கற்பனைக்கு வந்ததை மணிக்கணக்கில் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ஹாலிஸும், குழுவில் பெயர் போடாவிட்டாலும் 1984 முதல் அதன் பாதி மூளையாக இருந்த தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் அந்தப் பதிவுகளிலிருந்து சில நொடிகளைப் பொறுக்கி எடுத்து, இடம் மாற்றி ஒட்டினார்கள்.

விந்தை எங்கே என்றால், கேட்பவருக்கு அது ஏதோ ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்ததைப் போலவே இருக்கிறது. அத்தனையும் வெட்டி ஒட்டிய வேலை என்று காட்டிக் கொடுக்கும் தையல் எங்கும் தெரிவதில்லை. பளபளப்பு உங்களுக்குப் பிடிக்காது என்கிறீர்கள். இங்கே மெருகு முழுவதும் பளபளப்பை மறைப்பதற்கே செலவாகியிருக்கிறது.

1991-இல் வந்த 'லாஃபிங் ஸ்டாக்' இந்த வழியில் இன்னும் தூரம் போகிறது. பதிவானதில் ஐந்தில் நான்கு பங்கு அழிக்கப்பட்டதாக பில் பிரவுன் சொல்லியிருக்கிறார். எஞ்சியதில் எதை வைத்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. முதல் பாடல் தொடங்குவதற்கு முன் கிதார் பெருக்கியின் 'உஸ்' என்ற இரைச்சல் பல நொடிகள் கேட்கிறது; சாதாரண ஸ்டூடியோவில் முதலில் துடைத்தெறியப்படுவது அதுவே. இரண்டாவது பாடல் நாடா அறுந்ததைப் போல நடுவில் பட்டென்று நிற்கிறது. (இந்த நாடா அப்போது என்னிடம் இருந்திருந்தால் பாசார் மாலாமில் இரண்டாவது சண்டையும் நடந்திருக்கும்.) மூன்றாவது பாடலான 'ஆஃப்டர் தி ஃப்ளட்'டில், தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில், ஒரே ஒரு சுரம் ஒரு நிமிடத்துக்கு மேல் சிதைந்து கதறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சுரம் வாசிக்கும் முன் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஒன்றையும் காரணமில்லாமல் வாசிக்கக் கூடாது என்ற பொருள்பட ஹாலிஸ் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அதைச் செய்துகாட்டியிருக்கும் இடம் இது.

எதிலிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகர், தெலுக் இந்தான்

1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'. பாட்டும் இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. ஸ்டீவ் வின்வுட்டின் ஆர்கனுக்காகவே இரண்டு முறை கேட்கலாம்.

நல்ல பாடல்களைக் கொடுத்துக்கொண்டிருந்த குழு, புகழ் வந்ததும் ரசிகர்களையும் பணம் போட்ட நிறுவனத்தையும் கைவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போனது சரியா? முதல் தொகுப்புகளை விமர்சகர்கள் இப்போது கேலி செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.
— வாசகர், குளுவாங்

உங்கள் எரிச்சலின் பின்பாதி முழுக்க நியாயம், முன்பாதியில் எனக்குச் சற்று வழக்கு உண்டு.

கணக்கு இதுதான். 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' பிரிட்டனின் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. அந்த வெற்றியை நம்பி இ.எம்.ஐ. நிறுவனம் அடுத்த தொகுப்புக்குப் பணத்தையும் காலத்தையும் தாராளமாகக் கொடுத்தது. கையில் கிடைத்ததோ வானொலிக்கு ஏற்ற பாடல் ஒன்றுகூட இல்லாத 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. அது 19-ஆம் இடத்தைத் தொட்டு இறங்கியது. ஹாலிஸ் 1986-க்குப் பிறகு மேடைக் கச்சேரிகளையும் நிறுத்திவிட்டிருந்தார். ஒப்பந்த விவகாரம் நீதிமன்றம் வரை போய், மேல்முறையீட்டில் குழு விடுபட்டது. அதன் பிறகு பழைய பாடல்களின் தொகுப்பு ஒன்றை 1990-இல் இ.எம்.ஐ. வெளியிட, மறுவெளியீடாக வந்த 'இட்ஸ் மை லைஃப்' பிரிட்டனில் 13-ஆம் இடம் பிடித்தது. 1984-இல் அங்கே சீந்துவாரில்லாமல் கிடந்த அதே பாட்டு! அந்தச் சூட்டோடு, குழுவைக் கேட்காமலேயே பழைய பாடல்களுக்கு நடன மெட்டுப் பூசி இன்னொரு தொகுப்பை 1991-இல் வெளியிட்டார்கள். குழு வழக்குப் போட்டது. எஞ்சிய பிரதிகள் அழிக்கப்பட்டன.

இதில் கைவிட்டவர் யார், கைவிடப்பட்டவர் யார் என்று என்னால் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் புகழ் வந்த பிறகுதான் ஹாலிஸ் முரண்டு பிடித்தார் என்பது சரியல்ல. 1984-இல் 'இட்ஸ் மை லைஃப்' பாடலுக்காக எடுத்த காணொளியைப் பாருங்கள். மிருகக்காட்சிசாலையில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். பாட்டு ஓடுகிறது, உதடு அசையவில்லை. நிறுவனம் அதிருப்திப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னதும், வேண்டுமென்றே மிகையாக வாயசைத்துக் கொடுத்தார். பிற்காலத்து மௌனத்தின் விதை அங்கேயே கிடக்கிறது.

அதனால்தான் முதல் தொகுப்புகளைக் கேலி செய்பவர்களோடு நான் சேருவதில்லை. 'இட்ஸ் மை லைஃப்' பாடலில் பால் வெப்பின் பாஸ் எப்படி மெட்டையே தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டவர் அதைச் சில்லறைப் பாட்டு என்று ஒதுக்கமாட்டார். 2003-இல் நோ டவுட் குழு அதை மறுபடி பாடி உலகெங்கும் ஓடவைத்ததும் மெட்டின் பலத்தால்தான். அதேபோல, கடைசித் தொகுப்புகளில் இருப்பதெல்லாம் பொன் என்றும் நான் சொல்லப்போவதில்லை. 'லாஃபிங் ஸ்டாக்'கின் இறுதிப் பாடலான 'ரூனி' இருபது முறைக்கு மேல் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அங்கே எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. 1998-இல் தம் பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டு ஹாலிஸ் இசையுலகை விட்டு விலகி, 2019 பிப்ரவரியில் தம் 64-ஆம் வயதில் மறைந்தார்.

உறுமி மேளமும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த நமக்கு இத்தகைய இசையில் ஒட்டுதல் எப்படி வரும்?
— வாசகர், பாகான் செராய்

நமக்குத்தான் எளிதாக வர வேண்டும். ஒரே சுரத்தை நிறுத்தி, அதைச் சுற்றி வருவதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நாதஸ்வர ஆலாபனையைத் தோட்டத்துக் கோயில் வாசலில் கால் கடுக்க நின்று கேட்டவர்கள் நாம். உறுமியிலும் அடியைவிட அந்தத் தேய்ப்பில் எழும் முனகல்தான் முதுகுத்தண்டில் ஏறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாலிஸ் இருட்டறையில் உட்கார்ந்து வேலை பார்த்து 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வெளிவந்த அதே 1988-இல்தான், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள்தாம். ஆனால் திரைப்பாட்டின் அவசரத்தை இறக்கிவைத்த இளையராஜாவைக் கேட்டுப் பழகிய காதுக்கு மற்றதும் அந்நியமாக இருக்காது.

அந்த மூன்று வெள்ளி நாடா இன்னும் உங்களிடம் இருக்கிறதா, ஐயா?
— மாணவி, சுங்கை சிப்புட்

இருக்கிறது, தாயே. ஈரத்தில் உறை பூத்துப்போய்விட்டது. உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. 41 நிமிடத் தொகுப்பை அறுபது நிமிட நாடாவில் பிரதியெடுத்தவர், மிஞ்சிய இடத்தை வீணாக்க மனமில்லாமல் எவருடையதோ ஆட்டப் பாடல்களைப் போட்டு நிரப்பியிருந்தார். கடைசிப் பாடலான 'வெல்த்'தில் ஆர்கன் மெல்ல மெல்லத் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆகும் கணத்தில், இரவு பதினொரு மணிக்கு, லயம் முழுவதும் விழித்துக்கொள்ளும்படி டமால் என்று டிஸ்கோ தொடங்கும். அம்மா எழுந்து வந்து திட்டிய நாள்கள் பல. இப்போது முறையான குறுந்தட்டில் கேட்கிறேன், அதற்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஆயினும் ஆர்கன் தேயத் தொடங்கியதும் கை தானாக ஒலிக்குமிழை நோக்கிப் போய்விடுகிறது.