கேள்வி – பதில்: பாறையா, திட்டா, தீவா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் தீவே கிடையாது என்று என் மகனுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விவேகானந்தர் பாறை என்ன கணக்கில் வரும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இயற்கையாக உண்டாகி, சுற்றிலும் நீர் சூழ்ந்து, வேலியேற்றத்திலும் மூழ்காமல் நிற்கும் நிலம் தீவு என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. அப்படிப் பார்த்தால் அது தீவுதான். மனிதர் குடியிருக்கவோ பிழைக்கவோ வழியில்லாத பாறைக்குத் தனிப் பொருளாதாரக் கடல் எல்லை கிடையாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஆசிரியருக்கும் பாதி மதிப்பெண் போடலாம்.

கடலுக்குள்ளிருந்து முளைத்த பாறையல்ல அது. நம் கரையில் கிடக்கும் அதே சார்னோகைட் வகைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இந்தப் பாறைக்கு நடந்தே போயிருக்கலாம். (குமரிக்கண்டத்தை இதில் இழுக்க வேண்டாம், அது வேறு வழக்கு.) ஆற்றின் நடுவே மண் சேர்ந்து எழுவதற்குத் தமிழில் துருத்தி, அரங்கம் என்று பழைய பெயர்கள் உண்டு. திருவரங்கம் அப்படி வந்த பெயர். நம் பக்கத்துப் பேச்சில் எல்லாமே திட்டுதான்.

கேள்வி: மணக்குடிக் காயலோரத்தில் எங்கள் தோப்பு. பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் அடைபட்டால் மூன்று பக்கமும் தண்ணீர் ஏறி, தோப்பே திட்டாகிவிடுகிறது. ஆள் வைத்து வெட்டினாலும் மறுநாளே மூடிக்கொள்கிறது. ஏன்? – வாசகர், மேலமணக்குடி

பதில்: பழையாறு கடல் சேரும் இடத்தில் இரண்டு பேர் தள்ளுமுள்ளு நடத்துகிறார்கள். அலை மணலை உள்ளே தள்ளுகிறது, ஆறு வெளியே தள்ளுகிறது. ஆற்றில் வரத்து குறைந்தால் அலை ஜெயிக்கும், பொழி அடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் ஆறு தானே முறித்துக்கொண்டு போகும். வள்ளியாறு சேரும் கடியபட்டணத்திலும், குழித்துறை ஆறு சேரும் தேங்காப்பட்டணத்திலும் இதே கதைதான்.

வெட்டியது நிற்காததற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். வாய்க்காலைத் தோண்டுவது மண்வெட்டியோ ஜேசிபியோ அல்ல. அவை வழி மட்டும்தான் காட்டும். மணலை அரித்து அகலப்படுத்துவது உள்ளே தேங்கிய தண்ணீர். காயல் மட்டம் கடல்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருந்தால்தான் அதற்கு அந்த வேகம் வரும். நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குக் குறைவு. அதனால் கால் மீட்டரை வீணாக்கினாலும் நஷ்டம்தான்.

செய்ய வேண்டியது இது. கடல் பக்கத்திலிருந்து காயலை நோக்கி இரண்டு மீட்டர் அகலத்தில் வெட்டிக்கொண்டு வாருங்கள். காயல் பக்கம் ஒரு வரப்பை மட்டும் உடைக்காமல் விடுங்கள். அள்ளிய மணலை ஓரத்திலேயே குவித்தால் திரும்பவும் உள்ளே சரியும், தள்ளிப் போடுங்கள். வேலியேற்றம் உச்சத்துக்கு வந்து திரும்பும் நேரத்தில் வரப்பை உடையுங்கள். அடுத்த ஆறு மணி நேரம் கடல் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆறு மணி நேரம்தான் உங்கள் மூலதனம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் அதிகம் என்பதால் அந்த நாட்கள் நல்லவை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை வைத்து இன்று இறங்காதீர்கள். கடல் சீறிக்கொண்டிருக்கும் ஆனி, ஆடியில் வெட்டினால் அலை கொண்டுவரும் மணலே பொழியை அடைத்துவிடும்.

வரப்பு உடைந்ததும் கரை ஓரத்தில் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு மீட்டர் வாய்க்கால் வேகமாக அகலும், மணல் அடியோடு சரியும். வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் சொல்லாமல் தொடவும் வேண்டாம். பொழி திறந்தால் உப்பு மேலேறும், மேலே வயல் வைத்திருப்பவருக்கு அது வேறு கணக்கு.

கேள்வி: எங்கள் திட்டில் 40 அடிக்கு போர் போட்டோம். முதல் மாதம் நல்ல தண்ணீர், இப்போது வாயில் வைக்க முடியவில்லை. இன்னும் ஆழப்படுத்தலாமா? – வாசகர், கீழமணக்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். திட்டுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் இரண்டரை சதவீதம் மட்டுமே கனம் கூடியது. அதனால் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நின்றால், கீழே சுமார் நாற்பது பங்கு இறங்கி நிற்கும். உங்கள் திட்டில் அது மூன்று அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள்: கீழே பத்தடிதான் நல்ல தண்ணீர். 40 அடி போர் உப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் மேலிருக்கும் நன்னீரை ஓர் அங்குலம் இறக்கினால், காலப்போக்கில் உப்பு சுமார் நாற்பது அங்குலம் மேலேறும்.

ஆழமில்லாத, அகலமான உறைகிணறுதான் இங்கே சரி. கோடையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே ஒன்றிரண்டு அடி போதும். சிறிய மோட்டாரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) மே மாதத்தில், இறைத்து முடித்த உடனே வைத்துப் பாருங்கள். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர் விழுகிறது. அதைக் காயலுக்கு அனுப்பாமல் கிணற்றுப் பக்கத்துக் குழிக்குள் இறக்குங்கள்.

கேள்வி: ஊர் வரலாறு எழுத தாத்தா காலத்துப் பத்திரம் எடுத்தேன். ‘1102 மேடம்’ என்று தேதி. என்ன வருடம்? – வாசகர், தெங்கம்புதூர்

பதில்: கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்தின் அன்றைய நாலு தாலுகாவும் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பழைய பத்திரங்களில் இதுதான் ஓடும். ஆண்டு சிங்ஙத்தில், அதாவது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. மேடம் சித்திரை; ஆகவே உங்கள் பத்திரம் 1927. அதுவே துலாம் என்றிருந்தால் 1926. தனு மாதம் மார்கழி, ஆங்கில ஆண்டு நடுவில் மாறும். அங்கே தேதியையும் பாருங்கள்.

இன்னொன்று. ‘கிழக்கெல்லை காயல்’ என்று எழுதியிருந்தால் அன்றைய காயலும் இன்றைய காயலும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துப் போட்ட இடம் அது. சர்வே எண்ணை வைத்து நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள் படம் பார்த்தால் அது எடுத்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொழி அடைந்த மாதத்தில் எடுத்த படத்தில் உங்கள் ஊர் பாதி தண்ணீருக்குள் கிடக்கும்.