கிடப்பது என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாகச் சித்தர் சிவவாக்கியரின் பாடல்களைப் படித்து வருகிறேன். 'நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்ற வரிக்குப் பிறகு கோயிலுக்குப் போக மனம் வரவில்லை. அம்மா தினமும் பூத்தொடுத்துப் பூஜை செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சடங்கை விட்டால்தானே உண்மையான சரணாகதி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பாட்டின் கடைசி வரியையும் பாருங்கள். 'சுட்டசட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ?' குழம்பிலேயே ஊறினாலும் சட்டிக்கும் அகப்பைக்கும் ருசி தெரியாது. பூஜை செய்கிறவரைக் கேட்கும் கேள்விதான். சிவவாக்கியர் பாட்டிலேயே ஊறிக்கொண்டிருக்கும் நம்மையும் அது விடாது.

'கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்' என்று கேட்டவர் அப்பர். 'சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்' என்று பாடியவரும் அவரேதான். இதை முரண் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் முதல் பாட்டு 'எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே' என்று முடிகிறது. நீராடுவதை அவர் தடுக்கவே இல்லை. எங்கும் அவனைக் காணாதவன் எந்த ஆற்றில் முழுகி என்ன என்கிறார், அவ்வளவுதான்.

அவரிடம் என்னை விடாமல் பிடித்திருப்பது 'என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்ற வரி. 'பணி செய்வதே' என்றாலும் பொருள் வந்திருக்கும். கிடப்பதே என்கிறார். வாசலில் செருப்பு கிடக்கிறது, மூலையில் மண்வெட்டி கிடக்கிறது என்று சொல்வோமே, அந்தக் கிடப்பது. 7-ஆம் நூற்றாண்டில் உழவாரத்தைச் சுமந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய மனிதர், தானும் அந்த உழவாரம் போலவே கிடக்க ஆசைப்படுகிறார். எடுத்தால் வேலை செய்யும், வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்' என்று சிவன் பொறுப்பை முந்தைய அடியிலேயே அவனிடம் விட்டாயிற்று.

குலசேகராழ்வாருக்கும் இதே சொல்தான் வாய்த்தது. நாடாண்டவர், திருவேங்கடத்தில் 'படியாய்க் கிடந்துன் பவளவாய் காண்பேனே' என்று கேட்கிறார். அடியார்கள் மிதித்துப் போகிற படி! பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படியை இன்றும் குலசேகரன் படி என்றே சொல்கிறார்கள்.

கிடக்கிற பொருளுக்கு 'நான் செய்தேன்' என்பதும் இல்லை, 'நான் விட்டுவிட்டேன்' என்பதும் இல்லை. உங்கள் எரிச்சலில் இந்த இரண்டாவது ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, கோயிலுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். அம்மா பூத்தொடுக்கும்போது ஒருநாள் பக்கத்தில் உட்காருங்கள். நாரைப் பார்க்காமலே விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டு போகும். அப்போது மனசில் என்ன ஓடுகிறது என்று அவரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.