உங்கள் வலியைவிட மகனுக்கு வந்த வலிதான் எனக்குக் கவலை

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை. மூன்று வாரமாக இடது விரையில் ஒரு கனத்த வலி. காலையில் தெரியாது. பகல் முழுக்கக் குலை தூக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது, படுத்தால் குறைந்துவிடும். இருமும்போது கவட்டைப் பக்கம் லேசாகப் புடைக்கிறது. இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இங்கே கிளினிக்கில் பெண் டாக்டர்தான், காட்ட வெட்கமாக இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்? இன்னொன்று, என் மகனுக்கு 14 வயது. போன மாதம் நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்தான், அவனுக்கும் விரை வலி. வாந்தியும் எடுத்தான். பாட்டி விளக்கெண்ணெய் தடவினார்கள், அரை மணி நேரத்தில் விட்டுவிட்டது. அப்புறமும் ஒரு தடவை வந்து போனது. இது பரம்பரையாக வருமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: 'இன்னொன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த இடம்தான். அதனால் மகனிடமிருந்தே தொடங்குகிறேன்.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டுவோம். பெரிய பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து சுற்றி விளையாடியதைப் பார்த்திருப்பீர்கள். சேலை முறுக்க முறுக்கத் தூளி மேலே ஏறும். விரையும் அப்படி ஒரு வடத்தில்தான் தொங்குகிறது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாயும் எடுத்துப்போகும் குழாயும் அந்த வடத்துக்குள்தான் ஓடுகின்றன. வழக்கமாக விரை பின்பக்கம் பைச் சுவரோடு ஒட்டியிருக்கும், சுற்றாது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் இல்லை. மணிக்குள் தொங்கும் நாக்கு மாதிரி விரை ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அது சுற்றிக்கொள்ளும். வடம் முறுக்கி, விரை மேலேறி, இரத்தம் நின்றுபோகும். உயிர்போகிற வலி, கூடவே குமட்டல், வாந்தி. எந்த வயதிலும் வரலாம், ஆனால் 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம். தூக்கத்தில் வந்து எழுப்பிவிடுவதும் இதற்கு வழக்கம்.

உங்கள் மகனுக்கு வந்தது இதுதான் என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் அதையே காட்டுகிறது. இரண்டு தடவையும் முறுக்கு தானாகவே அவிழ்ந்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய்க்கு அதில் பங்கில்லை (பாட்டி கோபித்துக்கொள்ள வேண்டாம்). இப்படி வந்து வந்து போகிற பிள்ளைக்கு மூன்றாம் தடவை அவிழாமலே போகலாம்.

அப்படி நின்றுவிட்டால் கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம். அதற்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரை பிழைத்துக்கொள்ளும். 12 மணி நேரத்துக்குப் பிறகு அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஒரு நாள் தாண்டி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் விரையை எடுத்துவிட வேண்டியதாகிறது. தோட்டத்துக் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு வலி. 'விடியட்டும்' என்று ஆறரை வரை படுத்திருக்கிறான். கிளினிக் திறக்க 8 மணி. நம்பர் எடுத்து, உட்கார்ந்து, டாக்டர் பார்த்து, கடிதம் எழுதி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினால் மணி 10-ஐத் தாண்டும். யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, ஆனாலும் 8 மணி நேரம் போய்விட்டது.

நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் ஒரு பையன் வந்தான், உங்கள் மகன் வயதுதான் இருக்கும். கவுண்டரில் 'சாக்கிட் பெருட்' என்றான். வயிற்று வலி. பொய்யில்லை, இந்த வலி அடிவயிற்றிலும் தெரியும். ஆனால் எங்கே தொடங்கியது என்பதை அத்தனை பேர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான்தான் பார்த்தேன். வயிற்றை அமுக்கினேன், வாய்வுக்கு மருந்து எழுதி அனுப்பினேன். கால்சட்டையை இறக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் சாயங்காலம் அவனைத் திரும்பக் கூட்டிவந்தபோது ஒரு பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது. ஒன்றை எடுத்தார்கள். மற்றது நல்லபடி இருந்தால் பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை என்று அவன் அப்பாவிடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வயிற்று வலி என்று வருகிற எந்தப் பையனையும் நான் கீழே பார்க்காமல் அனுப்புவதில்லை.

ஆகவே மறுபடி வலி வந்தால் மணி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதை டாக்டர் கேட்பார். எண்ணெய், ஒத்தடம், நீவி விடுவது எதுவும் வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 999. அங்கே 'புவா சாக்கார் சாக்கிட்' (விரை வலி) என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், மகன் சொல்வான் என்று விட்டுவிடாதீர்கள். போகிற வழியில் வலி நின்றுவிட்டாலும் வண்டியைத் திருப்ப வேண்டாம்.

இப்போது வலி இல்லையே என்றும் இருந்துவிடக் கூடாது. இந்த வாரமே காட்டி, அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வலி இல்லாத நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதை வைத்து 'ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடாமல், இரண்டு தடவை வந்து போன கதையை முழுசாகச் சொல்லுங்கள். செய்வது சின்ன ஆபரேஷன்தான்: இரண்டு விரையையும் பைச் சுவரோடு தைத்துவிடுவார்கள். பிடிமானம் ஒரு பக்கம் இல்லையென்றால் பெரும்பாலும் மறுபக்கமும் இருக்காது என்பதால்தான் இரண்டும்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். சில குடும்பங்களில் அண்ணன் தம்பி இருவருக்கும் வந்ததுண்டு, தம்பி இருந்தால் அவனுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் வலிக்கும் இதற்கும் உறவு தெரியவில்லை. இன்னொரு பேச்சு, மகனிடம் தனியாகச் சொல்ல வேண்டியது: கைப்பழக்கத்தால் இது வருவதில்லை. இந்த வயதுப் பையன்கள் வலியை மறைப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தான்.

சரி, இனி உங்கள் விஷயம். இருமினால் கவட்டை புடைக்கிறது, சுமை தூக்கினால் கனக்கிறது, படுத்தால் அடங்குகிறது. எனக்கு முதலில் தோன்றுவது குடலிறக்கம். ஒரு குலை 20 கிலோ வரும், அதை நாள் முழுக்கத் தூக்குகிற உடம்பில் அடிவயிற்றுச் சுவர் விட்டுக்கொடுத்து, உள்ளிருக்கும் குடல் அந்த வழியாக எட்டிப் பார்க்கிறது. இல்லையென்றால் விரை வடத்தின் இரத்த நாளங்கள் புடைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் இடது பக்கம்தான் அதிகம், சாயங்காலம்தான் கனக்கும். தொட்டால் புழுக்கள் நெளிகிற பை மாதிரி இருக்கும். இரண்டுமே சில நாள் பொறுக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற சமாச்சாரம் இல்லை. புடைப்பு படுத்தாலும் உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்று, வலி கூடி, வாந்தி வந்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அது அன்றைக்கே ஆபரேஷன், அந்த ராத்திரியே கிளம்ப வேண்டியது.

இனிப்புநீர் இருப்பதால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கூடுதல். 2019-இல் மலேசியா முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒருவர் இனிப்புநீர்க்காரர், நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் விரைப்பைத் தோலில் வருகிற சின்னக் கட்டிகூடச் சில மணி நேரத்தில் பரவிச் சதையை அழுகடிக்கலாம். காய்ச்சல், தோல் கறுத்துப்போவது, கெட்ட வாடை, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருப்பது – இதில் எது வந்தாலும் களிம்பு வாங்கப் போகாதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி ஒன்றிரண்டு நாளில் மெல்ல மெல்ல ஏறி, சிறுநீர் எரிந்து, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. இளம் வயதில் பெரும்பாலும் உடலுறவு வழியே வருவது, அப்போது துணைக்கும் சேர்த்தே மருந்து. மறைத்தால் அதே கிருமி திரும்ப வரும். வயதானவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலிருந்து இறங்கும். போன தடவை மிச்சம் வைத்த ஆண்டிபயாடிக் மாத்திரை நாலைந்தைப் போட்டுக்கொள்வது வைத்தியம் ஆகாது.

முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே கிளம்பி விரை வரை வெட்டி இழுத்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், பிறகுதான் கீழே இறங்குகிறது. நரம்புகள் அந்தப் பழைய உறவை விடவில்லை. வெயிலில் வேர்த்து ஊற்றும் வேலையில் ஐஸ் சிராப்பைக் குடித்துவிட்டுத் தண்ணீர் குடித்ததாக நினைக்காதீர்கள்.

வலியே இல்லாத ஒரு கட்டி விரையில் தட்டுப்பட்டால்? பலர் வலிக்கவில்லையே என்று ஆறுதல் அடைகிறார்கள். தப்பு. 15 முதல் 35 வயதுக்குள் வருகிற விரைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் தொடங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் குணமாகிறது.

பெண் டாக்டர் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. பழைய தோட்டங்களில் மருந்து கொடுத்த டிரெஸர் ஐயாவிடம் காதோடு காதாகச் சொன்ன தலைமுறை நம்முடையது. ஆண் டாக்டர் இருந்தால் வேண்டும் என்று பதிவிலேயே கேட்கலாம், தப்பில்லை. இல்லையென்றால் அந்த அம்மாவிடமே காட்டுங்கள். உங்கள் சங்கடம் ஐந்து நிமிஷம், அவருக்கு அது அன்றைக்கு இருபதாவது நோயாளி.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மகனையும் மோட்டாரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஆளுக்கு 1 வெள்ளி. முதலில் அவன் பெயரைப் பதியுங்கள், அப்புறம் உங்கள் பெயர்.