கைப்பேசி இருக்கும்போது அப்பாவின் பழைய அவசரப் பட்டியல் எதற்கு?

மெழுகுவர்த்தி, பேட்டரி ரேடியோ, பொதுத் தொலைபேசிக்குச் சில்லறை என்று அப்பா எழுதி வைத்த வெள்ளகாலப் பட்டியல் இன்னும் தேவையா, கைப்பேசியும் பவர் பேங்கும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில்லறையை எடுத்துவிடலாம். மெழுகுவர்த்தியையும்தான், பலகைச் சுவர் லயத்து வீட்டில் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்இடி டார்ச் வாங்குங்கள்.

ரேடியோவை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு மழை இரவில் மரம் விழுந்து கரண்ட் போனது, கொஞ்ச நேரம் கைப்பேசி நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமே இல்லை. கைப்பேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டுமே, அதன் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அன்று பக்கத்து வீட்டுப் பாட்டியின் ரேடியோவில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே இருந்தது, நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம்.

பவர் பேங்கில் கொள்ளளவு 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், 5,000 எம்ஏஎச் கைப்பேசியை ஏறக்குறைய ஒன்றரை தடவைதான் ஏற்றலாம். அலமாரியில் கிடந்தாலும் இறங்கும், 3 மாதத்துக்கு ஒரு முறை ஏற்றி வையுங்கள்.

சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர எண் 999 அடித்துப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அது வழியாகப் போகும். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி, ஐசி (அடையாள அட்டை) நகலோடும் கொஞ்சம் ரொக்கத்தோடும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், கரண்டும் லைனும் இல்லாத கடையில் கியூஆர் செல்லாது.